அழுகிற பிள்ளையை அதட்டாத என் தங்கச்சி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, ஊர்க்காரர்களே, தங்கச்சியிடம் பிள்ளைகளை விட்ட தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தங்கச்சி போய் ஒரு வருஷம் முடிகிறது. திதி கொடுத்த கையோடு இதை உங்களுக்குக் கொடுக்கிறோம். தங்கச்சி மாப்பிள்ளை ரயில்வேக்காரர், அழகாக எழுதுவார், அவரே எழுதட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் விடவில்லை. கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருத்தர் எழுதுவதா? நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் இந்தத் தென்னாற்காடு மாவட்டத்தில் பேச்சில் என்னை மடக்கியவர் ஒரே ஒருத்தர்தான். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல மில் கணக்குப்பிள்ளை எழுதினார். சொல் எல்லாம் என்னுடையது. தங்கச்சி வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். இருந்தாலும் ஊரே ‘டீச்சரம்மா’ என்று கும்பிட்ட மனுஷியை, அண்ணன் என்கிற உரிமையில் ‘அவள், இவள்’ என்று அச்சில் போட எனக்கு மனசில்லை.

நாங்கள் பிறந்தது முகையூர் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். மழை பெய்தால் கேப்பை, பெய்யாவிட்டால் பட்டினி. தங்கச்சி தவழ்கிற வயதில் அப்பா போய்விட்டார். நான் திண்டிவனத்துக்கு வந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் மூட்டை தூக்கினேன். அம்மாவையும் தங்கச்சியையும் பிறகு கூட்டி வந்தேன். மூட்டை தூக்கினவன் மண்டியில் கூட்டாளியானேன், பிறகு சொந்தமாக எண்ணெய் மில் வைத்தேன், லாரி வாங்கினேன். யாரும் கைதூக்கி விடவில்லை. திண்டிவனத்தில் இறங்கி என் மில் எங்கே என்று கேட்டால் சின்னக் குழந்தையும் வழி சொல்லும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை; பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை.

அந்த மண்டியில் அம்மா மல்லாட்டை உடைக்கப் போவார். அங்கே வேலை செய்த பெண்கள், நடக்கப் பழகின பிள்ளைகளைக் கிழிந்த புடவைத் துண்டால் தூணில் கட்டிப் போட்டிருப்பார்கள். விட்டால் லாரி சக்கரத்தடிக்குப் போய்விடும், வேறு வழியில்லை. தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டுகளை அவிழ்த்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் குவியலுக்குப் பின்னால் உட்கார வைத்துக்கொள்வார். ஒன்று அழுதால் இன்னொன்றின் கையை எடுத்து அதன் முதுகில் வைப்பார். பாவாடை கட்டின சின்னப் பெண், பெரிய மனுஷி மாதிரி அதுகளிடம், “இன்னாடா, அம்மா ஞாபகமா? எனக்கும்தான்டா” என்று பேசுவதை மூட்டைமேல் உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன்.

பத்தாவது பாஸ் செய்தார். எங்கள் வம்சத்தில் அதுதான் முதல். நான் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தேன். பெரிய பள்ளிக்கூடத்தில் டீச்சராக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அவரோ விழுப்புரத்தில் பாலசேவிகா பயிற்சிக்குப் போகிறேன், பால்வாடியில் வேலை செய்யப் போகிறேன் என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“பத்தாவது பாஸ் பண்ண பொண்ணு, மூக்கு தொடைக்கிற வேலைக்கா போவ?” என்றேன்.

“ஏண்ணா, மூக்கு ஒழுவுனா தொடைக்க ஆள் வேணாமா?”

“அதுக்குத்தான் ஆயா இருக்குதே.”

“ஆயா மூக்கத் தொடைச்சிடும். அது ஏன் அழுவுதுன்னு யாருண்ணா கேக்கறது?”

“அழுவுற புள்ளைக்கு ஒரு மிட்டாய் குடுத்தா ஜல்தியா வாய மூடிக்கும். இதுக்கு ஒரு படிப்பா!”

“உனக்கு அழுவ வந்தா நான் மிட்டாய் குடுக்கறேன், வாய மூடிக்கிறியா பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா அடுப்படியில் சிரித்தது எனக்குக் கேட்டது.

பயிற்சி முடிந்த கையோடு விழுப்புரத்திலேயே ரயில்வே மாப்பிள்ளை அமைந்தார். மயிலம் மலையடிவாரத்தில் நான் நடத்திய அந்தக் கல்யாணத்தைச் சாப்பிட்டவர்கள் இன்றும் பேசுவார்கள். பால்வாடி வேலை மயிலம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் கிடைத்தது. அன்று முதல் தினமும் காலையில் விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறி, மயிலத்தில் இறங்கி, வயல் வரப்பில் நடந்து போவார். இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததும் இந்த ஓட்டத்திலேதான்.

ஓடு போட்ட ஒற்றை அறை, முன்னால் ஒரு புங்க மரம். அவ்வளவுதான் பால்வாடி. அங்கே தங்கச்சி சில பழக்கங்கள் வைத்திருந்தார். காலையில் ஒரு பிள்ளை வாசலில் நின்று வருகிற பிள்ளைகளை எல்லாம், நம் வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்களை அழைக்கிற மாதிரி, “வாங்க வாங்க” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போக வேண்டும். தினம் ஒரு பிள்ளைக்கு அந்த மரியாதை. எல்லோரும் உட்கார்ந்ததும் ஒன்றின் முகத்தை இன்னொன்று பார்க்க வேண்டும். “அவன் மூஞ்சி இன்னா சொல்லுது?” என்று தங்கச்சி கேட்பார். “கோவமா கீறான் டீச்சர்.” “எதுக்காம், கேளு.” “அவங்க ஆடு செத்துப்போச்சாம் டீச்சர்.” அப்புறம் அன்றைக்கு முழுக்க அந்த ஆட்டைப் பற்றித்தான் பேச்சு.

அழுகிற பிள்ளையை அதட்ட மாட்டார். வேடிக்கை காட்டி மறக்கடிக்கவும் மாட்டார். இன்னொரு பிள்ளை அதன் பக்கத்தில் சும்மா போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். இது என்ன பழக்கம் என்று நானே ஒரு தரம் கேட்டேன். “எழவு வூட்டுல யாராவது ‘ச்சூ, வாய மூடு’ன்னு சொல்றாங்களா? பக்கத்துல போய் உக்கார்றோம் இல்ல? பெரியவங்களுக்குக் குடுக்கற மரியாதைய சின்னதுங்களுக்குக் குடுத்தா கொறைஞ்சா போயிடுவோம்?” என்றார்.

ஊர்க்காரர்களுக்கு முதலில் இது பிடிபடவில்லை. நான் போயிருந்த ஒரு நாள், ஒரு குடியானவர் மண்வெட்டியும் தோளுமாக வந்து நின்றார்.

“டீச்சரம்மா, எம்பொண்ணு இன்னும் ஒரு ‘அ’ எழுதலீங்க. ஆனா வூட்டுல நான் சத்தம் போட்டா, ‘நைனா, ஒனக்கு ஏன் கோவம் வந்துச்சு?’ன்னு கேக்குது. இது இன்னா படிப்புங்க?”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“இன்னா சொல்றது? மாடு சினை புடிக்கலன்னு சொன்னேன்.”

“அதுக்கு அது இன்னா சொல்லிச்சு?”

அவர் மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார். “எம்பக்கத்துல வந்து குந்திக்கிச்சுங்க” என்றார். பிறகு ‘அ’வைப் பற்றிக் கேட்காமலே போய்விட்டார்.

இனி என் பையன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மலரில் நான் எழுத முன்வந்ததே இதற்காகத்தான்.

கல்யாணமாகி வெகுகாலம் எங்களுக்குப் பிள்ளையில்லை. மயிலம் முருகனுக்குக் காவடி எடுத்து, அப்புறம் பிறந்தவன். அவன் கேட்டு நான் இல்லையென்று சொன்னது எதுவும் கிடையாது. தரையில் கால் படாமல் வளர்த்தேன். அவன் நினைத்தது நடக்கவில்லை என்றால் கடிப்பான். பிஞ்சுப் பல்லால் கடித்தால் எங்களுக்கு அது செல்லம். விழுப்புரத்தில் ஒரு நல்ல கான்வென்டில் எல்.கே.ஜி. சேர்த்தேன். சில நாளிலேயே, “பிள்ளைகளைக் கடிக்கிறான், கொஞ்சம் பழகட்டும், அடுத்த வருஷம் கூட்டி வாருங்கள்” என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குறையில்லை.

எனக்கு வலித்தது அது அல்ல. எங்கள் தெருவில் சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும். இவன் வெளியே இறங்கினால், “டேய், கடிக்கறவன் வரான்டா” என்று எல்லாம் அடுத்த தெருவுக்கு ஓடிவிடும். இவன் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அவர்கள் போன திசையைப் பார்த்து நிற்பான். இவ்வளவு பெரிய மில்லை உண்டாக்கினவனால் தன் பிள்ளைக்கு ஒரு விளையாட்டுத் துணையை உண்டாக்க முடியவில்லை. அதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது.

தங்கச்சியிடம் சொன்னேன். “எங்கிட்ட வுடுண்ணா” என்றார். தினம் காலையில் மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து நானே கொண்டுபோய் விடுவேன். ஒரு மாசம் ஆனது. அங்கேயும் அதே கதை. பிள்ளைகள் இவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, ஆனால் ஒன்றுகூட இவன் பக்கம் போகவில்லை. தங்கச்சியும் யாரையும் ‘போய்ச் சேர்ந்துகோ’ என்று சொல்லவில்லை. எனக்குப் பொறுமை எங்கே இருக்கிறது? வியாபாரி நான். ஒரு நாள் ஒரு கூடை நிறைய மல்லாட்டை உருண்டை பிடித்து எடுத்துப்போய், “எல்லாரும் வாங்க, இந்தத் தம்பிதான் உங்களுக்குக் குடுக்கறான்” என்று இவன் கையால் கொடுக்க வைத்தேன். பிள்ளைகள் ஈ மாதிரி மொய்த்தன. கூடை காலியானதும் எல்லாம் புங்க மரத்தடிக்கு ஓடிவிட்டன. இவன் காலிக் கூடையோடு நின்றான்.

தங்கச்சிக்கு அப்படியொரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. “ஏண்ணா, இங்க வந்து கடைய விரிக்கிற? நீ குடுக்கறதத் தின்னுப்புட்டு ஒன்னப் பாக்க வருவாங்க. அவனப் பாக்க யாரு வருவா? கெளம்பு நீ!” என்று வாசலைக் காட்டினார். பெரிய பெரிய அதிகாரிகள் எனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். என்னை வெளியே போ என்று சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

அடுத்த வாரமே பெரிய கலகம். களை எடுக்கப் போகிற ஒரு அம்மாவின் பெண், வாயாடி. புங்க மரத்தில் கட்டின ஊஞ்சலில் அவளுடைய முறை. இவன் கயிற்றைப் பிடுங்கினான், அவள் விடவில்லை, கையில் நன்றாகக் கடித்து வைத்துவிட்டான். நான் இவனைக் கூட்டிப்போக அப்போதுதான் வண்டியை நிறுத்துகிறேன். தங்கச்சி இவனை அடிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம், “எங்க வலிக்குது, அவங்கிட்டக் காட்டு” என்றார். காட்டினாள். இவன் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினான். தங்கச்சி அவசரப்படவே இல்லை. அவன் பார்க்கிறவரை காத்திருந்தார். பார்த்தான். அப்புறம் அந்தப் பெண்ணைக் கேட்டார்: “அவன் இப்ப ஒனக்கு இன்னா செய்யணும்?”

அவள் யோசித்து, “தண்ணி எடுத்தாரணும்” என்றாள்.

எங்கள் வீட்டில் இவனுக்கு வாயில் தண்ணீர் ஊற்றவே ஆள் உண்டு. தம்ளரைப் பானையில் விட்டு மொண்டு, பாதியைத் தன்மேல் கொட்டிக்கொண்டு வந்து நீட்டினான். அவள் மகாராணி மாதிரி குடித்தாள். “இன்னொண்ணு” என்றாள். அதையும் எடுத்து வந்தான். “நாளைக்கும் நீதான் எடுத்தாரணும்” என்றாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “எம்புள்ள இன்னா இங்க எடுபிடியா? கண்டவங்களுக்குத் தண்ணி மொண்டு குடுக்கவா நான் தெனம் வண்டில கூட்டினு வரேன்?” என்று கத்தினேன்.

“ண்ணா, புள்ளைங்க பாக்குது. மெதுவாப் பேசு.”

“நீ எனக்குச் சொல்லித்தராத. நாளையிலேர்ந்து இவன் வர மாட்டான்!”

பையனைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். தங்கச்சி பின்னாலே வரவில்லை, கூப்பிடவும் இல்லை.

மறுநாள் காலையில் நான் மில்லுக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்தால், பையன் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறான். தானே சட்டை மாட்டியிருக்கிறான், பொத்தான் எல்லாம் மாறிப்போய். இரண்டு கையிலும் பிடித்த எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர்.

“இன்னாடா இது?”

“அவளுக்கு.”

“அதெல்லாம் வேணாம். உள்ள போ.”

“நாளைக்கும் நீதான்னு சொன்னாப்பா. வேற யாரையும் சொல்லல. என்னத்தான் சொன்னா.” சொல்லும்போதே உதடு பிதுங்கியது. ஆனால் இவன் என்னைக் கடிக்கவில்லை, தரையில் புரளவில்லை. தண்ணீர் கொட்டிவிடுமே என்று அசையாமல் நின்று அழுதான்.

என் மனைவி பின்னாலிருந்து, “ஏங்க, எம்புள்ளையப் பாத்து ‘நாளைக்கு வா’ன்னு இது வரைக்கும் எந்தப் புள்ள சொல்லியிருக்குது? கூட்டினு போங்க” என்றார்.

நான் யாருக்கும் இறங்கிப் போகிறவன் இல்லை. போலீஸ் ஸ்டேஷனிலேயே நின்று பேசியிருக்கிறேன். அன்றைக்கு வண்டியை எடுத்தேன். மயிலம் வரைக்கும் மாட்டு வண்டியை விட மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்காரன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். அப்படியும் பள்ளத்தில் எல்லாம் கொட்டி, போய்ச் சேரும்போது அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

அந்தப் பெண் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். “இன்னா, இவ்ளோதான் கீது?”

“வழில கொட்டிக்கிச்சு.”

“ஒனக்குத் தாகமா இல்லியா?”

“தாகம்தான்.”

“அப்ப நீ பாதி குடி, நான் பாதி குடிக்கறேன்.”

குடித்தார்கள். ஒரே தம்ளர். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

“வா, ஊஞ்சலுக்குப் போலாம். கடிச்சே, அவ்ளோதான்!” என்று அவள் சொல்ல, இவன் பின்னாலேயே ஓடினான். தங்கச்சி ஒரு பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, ‘பார்த்தாயா’ என்று ஒரு சொல் சொல்லவில்லை. “டீ சாப்புட்றியாண்ணா?” என்று மட்டும் கேட்டார்.

“எம்புள்ள ஒரே நாள்ல கத்துக்கினான் பாத்தியா?” என்றேன் நான்.

“ஆமாண்ணா, அப்படியே ஒன்ன மாதிரி” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று எனக்கு இன்று வரை பிரிக்கத் தெரியவில்லை.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. அதன் பிறகும் கடித்தான், பிடுங்கினான். ஆனால் பிடுங்கினதைத் திருப்பிக் கொடுக்கவும், முறை வருகிறவரை நிற்கவும், ‘எனக்குக் கோவமா கீது’ என்று வாயால் சொல்லவும் மெதுவாக வந்தது. கான்வென்டுக்கு மறுபடி நான் அனுப்பவில்லை. தெருப் பிள்ளைகள் படிக்கிற திண்டிவனம் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தேன். அது என் முடிவு. தங்கச்சி சொல்லி நான் செய்ததாகச் சிலர் சொல்கிறார்கள், அப்படியில்லை.

சில வருஷம் கழித்துச் சர்க்கரை வியாதி தங்கச்சியைப் பிடித்தது. காலில் புண் ஆறவில்லை, சிறுநீரகமும் கெட்டது. அப்போதும் பாசஞ்சர் ஏறினார். வரப்பில் நடக்க முடியாமல் போனபோது, ஊர்க்காரர்கள் ஸ்டேஷனுக்கு மாட்டு வண்டி அனுப்பினார்கள். ஏறவே முடியாமல் போன பிறகுதான் நின்றார். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் தினம் போவேன். எல்லா விசாரிப்புக்கும் முன்னால் ஒன்று கேட்பார்: “அவன் இன்னிக்கு யாரோட சண்டை?” பெயர் பெயராகச் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

கடைசியாகப் பேசின அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் தனியாகப் போனேன்.

“அவன் எங்கண்ணா?”

“அந்தக் கழுதையப் பத்திப் பேசாத. அத்தையப் பாக்க வாடான்னா, மேட்ச் இருக்குது, நான் போலன்னா ஆள் கொறையும், வரலன்னுட்டான். முதுகுல ரெண்டு போட்டுட்டுத்தான் வந்தேன்.”

தங்கச்சி தலையணையிலிருந்து எழப் பார்த்தார். “இன்னா சொன்னான்?”

“வரலன்னான்.”

“அது இல்லண்ணா. ஆள் கொறையும்னானா? அவன் போலன்னா ஆட்டம் நிக்குமா?”

“ஆமா.”

“நெசமா?” என்று மறுபடி கேட்டார். பிறகு சிரித்தார். மூச்சு வாங்கி, இருமல் வந்து, நர்ஸ் ஓடி வருகிற அளவுக்குச் சிரித்தார். “அவன அடிக்காதண்ணா, ஆடட்டும் வுடு” என்றார். நான் கேட்ட கடைசிப் பேச்சு அது. அந்த வாரமே போய்விட்டார்.

விழுப்புரத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டபோது மயிலம் பக்கத்திலிருந்து அத்தனை ஜனம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. ஆஸ்பத்திரியில் பகலும் இரவும் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், ஸ்டேஷனுக்கு வண்டி கட்டி வந்தவர்களுக்கும், தங்கச்சியோடு கடைசி வரை வேலை செய்து இப்போது அந்த அறையைத் தினம் திறந்து கூட்டிவைக்கும் ஆயாவுக்கும், காரியத்தன்று பந்தியில் நின்றவர்களுக்கும் நாங்கள் என்றும் நன்றியோடிருப்போம். மாப்பிள்ளைக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர் முகத்தை நானும், என் முகத்தை அவரும் பார்த்துக்கொள்கிறோம். அந்த வாயாடிப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் நன்றி. பெயர் போடலாமா என்று கேட்டேன், வெட்கப்பட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இப்போது சாயங்காலம் நான் மில்லிலிருந்து வந்தால் பையன் வீட்டில் இருப்பதில்லை. அவன் அம்மா கோயிலுக்குப் போயிருப்பார். கம்பிக் கதவு திறந்தே கிடக்கும். தெருக்கோடியில் பத்துப் பிள்ளைகள் கத்துகிற சத்தத்தில் அவன் குரல் எது என்று காதைத் தீட்டிக் கேட்பேன். கூப்பிட்டால், “இருப்பா, வரேன்!” என்று பதில் வரும், அவன் வர மாட்டான். காவடி எடுத்துப் பெற்ற பிள்ளையோடு இரண்டு வார்த்தை பேச, எனக்கு முறை வருகிறவரை நான் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தங்கச்சி, ‘பாப்பா, எம்புள்ளைய எனக்கில்லாமப் பண்ணிட்டியே’ என்று விழுப்புரத்துக்குப் போய் உன்னிடம் ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு, உன் கையால் ஒரு வாய் சாப்பிட்டு வந்தால் எனக்கு ஆறிவிடும். இந்தச் சண்டையை நான் யாரிடம் கொண்டு போவேன்?